எண்ணெயை மட்டும் குடிக்கும் பை: இலவம் பஞ்சில் ஒரு செய்முறை

அக்கா வீட்டுக்காரர் திருவொற்றியூரில் டூவீலர் சர்வீஸும் வாட்டர் வாஷும் சேர்த்து நடத்துகிறார். கடைக்குப் பின்னால் மூன்று அறை கொண்ட கழிவுத் தொட்டி இருக்கிறது. முதல் அறையில் மண் தங்க வேண்டும், இரண்டாவதில் ஆயில் மேலே ஏறி நிற்க வேண்டும், மூன்றாவதிலிருந்து தண்ணீர் மட்டும் வெளியே போக வேண்டும். கணக்கு அப்படி. நடப்பு என்னவென்றால், இரண்டாம் அறையில் கறுப்பு ஆயில் விரல் தடிமனுக்கு நின்றுகொண்டே இருக்கும். ஐப்பசி மழை ஒன்று ஒழுங்காக அடித்தால் தொட்டி வழியும். மேலே நிற்பதுதானே முதலில் வழியும்!

மாமா அதுவரை செய்துவந்தது, பனியன் வேஸ்ட்டை மேலே போட்டு எடுப்பது. பனியன் துணி பருத்தி. ஆயிலைக் குடிப்பதற்கு முன்னால் தண்ணீரைக் குடித்துவிட்டு, கனத்துப்போய் அடியில் இறங்கிவிடும். பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வரும், அதில் கொஞ்சம் ஆயிலும் இருக்கும். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? திரும்பவும் தொட்டியில்தான்.

இதற்கென்றே வெள்ளை நிறத்தில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆன பட்டைகள் விற்கிறார்கள். துறைமுகங்களிலும் பெரிய தொழிற்சாலைகளிலும் பார்த்திருப்பீர்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பொருளுக்கு மாதாமாதம் காசு கொடுக்க மாமா தயாராக இல்லை. பக்கத்துக் கடைகளில் கிடைப்பதை வைத்தே, தண்ணீரைத் தொடாமல் ஆயிலை மட்டும் எடுக்கும் ஒன்றைச் செய்ய முடியுமா என்று பார்க்கலாம் என்று ஆரம்பித்தது இது.

முதலில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாமே இதில்தான் தொங்குகிறது. வீட்டில் சேப்பங்கிழங்குச் செடி இருந்தால் ஒரு இலையைப் பறித்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு ஓடிவிடும். அதே இலையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். அப்படியே படர்ந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்பவை. அந்தப் பிடிப்பின் அளவுதான் பரப்பு இழுவிசை, தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எண்ணெய்களுக்கு அது 25 முதல் 35 வரைதான். இலைமேல் இருக்கும் மெழுகுப் பரப்பு ரொம்பவும் பலவீனமாக இழுக்கிற பரப்பு. தன்னைத்தானே இறுக்கிப் பிடித்திருக்கும் தண்ணீரை அதனால் பிரித்து இழுக்க முடியாது, தளர்வாக இருக்கும் எண்ணெயை இழுக்க முடியும். இலையில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் உண்டு. அவற்றுக்கிடையே காற்று தங்குவதால் தண்ணீர்ச் சொட்டு பாதி காற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சொட்டு பரப்போடு சேரும் கோணம் 90 பாகைக்கு மேல் போனால் நீர் ஒட்டாப் பரப்பு, 150-ஐத் தாண்டினால் மீநீர் ஒட்டாப் பரப்பு என்பார்கள்.

ஆக நமக்குத் தேவை மூன்று: மெழுகுத்தன்மை, நிறைய இடைவெளி, அந்த இடைவெளியில் காற்று. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் தலைக்கடியில் கிடக்கிறது.

மெத்தைக் கடை பாயிடம் போய் விதை எடுத்த இலவம் பஞ்சு வேண்டும் என்றேன். போடிநாயக்கனூர் சரக்கு என்று கொடுத்தார். எதற்கு என்று கேட்டதும் விஷயத்தைச் சொன்னேன். ஆச்சரியமே படவில்லை. "இது தண்ணி குடிக்காது சார். எவனாவது தலையணையைத் துவைக்கிறேன்னு தொட்டியில போட்டா மேலயே மிதந்துக்கிட்டு நிக்கும். துவைச்சா கட்டி கட்டியா போயிடும், அதனால நாங்களே துவைக்காதீங்க, வெயில்ல போடுங்கன்னுதான் சொல்லுவோம்" என்றார். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் தொழிலில் தெரிந்துவைத்திருந்தார்.

இலவம் இழை உள்ளே குழாய். இழையின் கன அளவில் பெரும்பகுதி வெறும் காற்று, சுற்றிலும் மெல்லிய சுவர், அதன்மேல் இயற்கையாகவே மெழுகு. அந்தக் காலத்து கப்பல் உயிர்காப்பு அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் மெடிக்கல் கடைப் பஞ்சு, ஒன்றில் காயிலிருந்து பிய்த்த பருத்திப் பஞ்சு, ஒன்றில் இலவம். மெடிக்கல் கடைப் பஞ்சு விழுந்ததும் நனைந்து மூழ்கிவிட்டது. பருத்திக்காயில் இருந்தபடியே எடுத்த பஞ்சு மிதந்தது! இரண்டும் ஒரே செடியின் பஞ்சுதான். மருத்துவப் பஞ்சைக் காரத்தில் வேகவைத்து மெழுகை எடுத்துவிடுகிறார்கள், ரத்தம் உறிஞ்ச வேண்டுமே. பச்சைப் பஞ்சில் அந்த மெழுகு அப்படியே இருக்கிறது. இலவம் பஞ்சை விரலால் தண்ணீருக்கடியில் அழுத்திப் பிடித்தேன். பஞ்சைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு மினுமினுப்பு. அது இழைகளைச் சுற்றிப் பிடித்திருக்கும் காற்றுப் படலம். விரலை எடுத்ததும் துள்ளி மேலே வந்தது. கையில் எடுத்து உதறினால் உலர்ந்த பஞ்சு.

அடுத்தது எடை. எண்ணெய் உறிஞ்சிகளைச் சோதிக்க ஏஎஸ்டிஎம் எஃப்726 என்ற அமெரிக்கத் தரமுறை இருக்கிறது. அதன் சாரம்: பொருளை எண்ணெயில் 15 நிமிடம் போட்டு வைத்து, எடுத்து அரை நிமிடம் வடியவிட்டு, எடை போடுவது. நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற சின்ன மின் தராசு ஒன்று என்னிடம் உண்டு. வடிந்த எஞ்சின் ஆயிலை ஒரு எவர்சில்வர் பேசினில் ஊற்றி, கொசுவலைத் துணியில் 5 கிராம் பஞ்சைத் தளர்வாகக் கட்டி முக்கினேன். துணியின் எடையையும் அது குடித்த ஆயிலையும் கழித்தபின், இலவம் தன் எடையைப் போல் கிட்டத்தட்ட 28 மடங்கு எடுத்திருந்தது. பச்சைப் பருத்தி 20-ஐ ஒட்டி வந்தது.

சலூனிலிருந்து வாங்கி வந்த முடி 6 மடங்குதான். முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு எண்ணெய்க் கசிவின்போதும் யாராவது முடி சேகரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். 2020-இல் மொரீஷியஸில் வகாஷியோ என்ற கப்பல் பவளப்பாறையில் ஏறி ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கசிந்தபோது, அந்த ஊர் மக்கள் கரும்புத் தோகையையும் முடியையும் துணியில் அடைத்து மிதவைத் தடுப்பு செய்தார்கள். கையில் வேறெதுவும் இல்லாத நேரத்தில் அது பெரிய காரியம்தான். ஆனால் 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் தளத்தில் நடந்த விபத்தின்போது அமெரிக்க அதிகாரிகள் முடி மிதவைகளை வேண்டாம் என்றுவிட்டார்கள். சோதித்துப் பார்த்ததில் அவை தண்ணீரை ஏற்றிக்கொண்டு மூழ்கின. முடியின் மேல்தோல் எண்ணெயைப் பிடிக்கும், ஆனால் உள்ளே காற்று தங்கும் குழாய் அதற்கு இல்லை. தேங்காய் நார்க்கழிவு இன்னும் மோசம். தோட்டத்துக்கு அதை வாங்குவதே தண்ணீரைப் பிடித்து வைக்கத்தானே.

எதிர்பாராமல் நன்றாக வந்த ஒன்று, கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் கிடந்த மூன்றடுக்கு முகக்கவசம். அதன் நடு அடுக்கை மட்டும் பிரித்தெடுத்தால், மெல்ட்புளோன் முறையில், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கிக் காற்றால் ஊதி இழையாக்கிச் செய்த பாலிப்ரொப்பிலீன் இழைத்தாள். விலை கொடுத்து வாங்கும் வெள்ளைப் பட்டையும் இதே வகைப் பொருள்தான். எடையைப் போல் 12 மடங்கு எடுத்தது, ஒரு சொட்டுத் தண்ணீரை ஏற்கவில்லை. ஆனால் ஒரு கவசத்தில் நடு அடுக்கு ஒரு கிராம்கூட வராது, தொட்டிக்கு அது எந்த மூலைக்கு?

இலவம்தான் என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எவ்வளவு இறுக்கமாக அடைப்பது. இதற்கு மற்றவர்கள் அளந்து சொன்ன ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன சென்டிமீட்டருக்கு 0.02 கிராம் என்று தளர்வாக அடைத்த இலவம், டீசலைத் தன் எடையைப் போல் சுமார் 36 மடங்கு எடுத்தது. அதே பஞ்சை 0.09 கிராம் வரும்படி இறுக்கி அடைத்தால் சுமார் 8 மடங்குதான். எண்ணெய் தங்குவது பெரும்பாலும் இழைகளுக்கு இடையே உள்ள வெளியில். இறுக்கினால் அந்த வெளி போய்விடும்.

கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் விட்டம் உள்ள உறைக்குக் கொள்ளளவு சுமார் 7.8 லிட்டர். 0.02 அடர்த்திக்கு 155 கிராம் பஞ்சு போதும். அடைத்துத் தரச் சொல்லி பாயிடமே கொடுத்தேன். அவர் கை பழக்கத்தில் தலையணை மாதிரி திணிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, இவ்வளவுதான் என்று 155 கிராமைத் தனியாக எடுத்துக் காட்டினேன். "இப்படி தொளதொளன்னு அடைச்சா எவன் சார் வாங்குவான்?" என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

உறையின் கட்டுமானம் இது. உள்ளே கொசுவலைத் துணி, இல்லையென்றால் பஞ்சு பறந்து வெளியே வரும். குழாய் மாதிரி தைத்து, ஒவ்வொரு சாணுக்கும் குறுக்கே ஒரு தையல். குறுக்குத் தையல் இல்லாவிட்டால் நனைந்த பஞ்சு ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொண்டு மற்ற இடம் வெறும் துணியாகிவிடும். வெளியே வெங்காயம் வரும் வலைச் சாக்கு, அது பலத்துக்கு. நடுவே ஒரு பிளாஸ்டிக் கயிறு, இரண்டு முனையிலும் கண்ணி. மிதவை எதுவும் கட்டத் தேவையில்லை. ஆயில் தண்ணீரைவிட லேசு. பை முழுக்கக் குடித்தாலும் மிதந்தபடியேதான் இருக்கும். பஞ்சை அடைக்கும்போது மட்டும் மூக்கில் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், காற்றில் பறப்பது நுரையீரலுக்கு நல்லதில்லை.

இலவத்துக்கு ஒரு குறை உண்டு. பிழியப் பிழியக் குழாய் நசுங்கி, பஞ்சு கட்டி தட்டிவிடும். திரும்பத் திரும்பப் பயன்படுத்த ஃபோம் நல்லது என்பதால் அதையும் ஒரு கை பார்த்தேன். சோபா ரிப்பேர் கடையில் வெட்டிப்போட்ட பாலியூரித்தேன் ஃபோம் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். சும்மா ஃபோம் தண்ணீர், ஆயில் என்று வித்தியாசம் பார்க்காமல் இரண்டையும் குடிக்கும். அதற்குத் தண்ணீர் பிடிக்காமல் செய்ய ஒரு பூச்சு வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் கண்ணாடி ஒட்டுவதற்கு விற்கும் நிறமில்லாத சிலிக்கோன் சீலன்ட் வாங்குங்கள், வினிகர் வாடை அடிக்கும் வகை. பெயின்ட் கடை மினரல் டர்பன்டைனில், எடையில் 15-க்கு 1 பங்கு சீலன்ட்டைப் போட்டு ஒரு மூடியுள்ள டின்னில் குச்சியால் கலக்க வேண்டும். முதலில் கட்டி கட்டியாக நின்று வெறுப்பேற்றும், விடாமல் கிளறினால் நீர்த்த மோர் பதத்துக்கு வரும். அதில் ஃபோமை முக்கி, நன்றாகப் பிழிந்து, கொடியில் தொங்கவிட வேண்டும். டர்பன்டைன் ஆவியாகும், சிலிக்கோன் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இழைகளின் மேல் மெல்லிய ரப்பர் தோலாக இறுகும். மொட்டை மாடியில் செய்வதே நல்லது. பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கவே கூடாது. பூச்சு கெட்டியாக இருந்தால் ஃபோமின் கண்கள் அடைத்துவிடும், அதனால்தான் இவ்வளவு நீர்க்கச் செய்வது.

மறுநாள் எடுத்துத் தண்ணீர்ச் சொட்டு விட்டால் முத்தாக நிற்கிறது. இன்னும் உருண்டோட வேண்டுமானால் சிலிக்கோன் கரைசலில் கொஞ்சம் விளக்குக் கரி சேர்க்கலாம். கண்மைக்குப் பிடிப்பதைப்போலத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரி. கரித்துகள்கள் சேப்ப இலையில் இருக்கும் அந்த மேடுபள்ளத்தைக் கொடுக்கின்றன. ஆனால் ஆயில் எடுக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கை மட்டும் கறுப்பாகிறது. நான் விட்டுவிட்டேன்.

ஃபோமை இப்படி மாற்றுவது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2017-இல் அறிவித்த ஓலியோ ஸ்பாஞ்ச்சும் பாலியூரித்தேன் ஃபோம்தான். அவர்கள் முதலில் உலோக ஆக்சைடை ஃபோமுக்குள் ஊடுருவச் செய்து, அதைப் பிடிமானமாக வைத்து எண்ணெயை விரும்பும் மூலக்கூறுகளைக் கட்டினார்கள். எடையைப் போல் 90 மடங்கு வரை எடுக்கும் என்றார்கள். அவர்களுடைய பூச்சு ஃபோமோடு வேதிப்பிணைப்பில் இருக்கிறது, என்னுடையது போர்த்திக்கொண்ட சட்டை. பலமுறை பிழிந்தபின் என் ஃபோமின் ஓரங்களில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது.

வலையில் பூசுவதையும் செய்து பார்த்தேன். மைதா சலிக்கும் எவர்சில்வர் சல்லடையை அதே கரைசலில் முக்கி உலர்த்தினால், அதில் ஊற்றும் தண்ணீர் தேங்கி நிற்கும், டீசல் மட்டும் கீழே சொட்டும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். தொட்டிக்கு உதவாது. மண் அடைத்துக்கொள்ளும், அதோடு தண்ணீர் மட்டம் சில சென்டிமீட்டர் ஏறினால் அழுத்தம் தாங்காமல் கண்கள் வழியாக ஒழுகிவிடும்.

இதுவரை எல்லாம் வீட்டில். கடையில் ஒரு வில்லன் இருக்கிறான். அவன் பெயர் பைக் ஷாம்பூ.

இலவம் பஞ்சு மிதந்துகொண்டிருந்த அதே டம்ளரில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டுப் பார்த்தேன். பஞ்சைச் சுற்றியிருந்த வெள்ளி மினுமினுப்பு ஓரத்திலிருந்து கலைய ஆரம்பித்தது. பஞ்சு நிறம் மங்கி, கசங்கி, பாதி மூழ்கி நின்றது. சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையை 72-லிருந்து 30 பக்கத்துக்கு இறக்கிவிடுகிறது. எண்ணெய்க்கும் அதே அளவுதானே? மெழுகுப் பரப்புக்கு இனி தண்ணீரும் எண்ணெயும் ஒன்றுதான். சிலிக்கோன் ஃபோமும் இதே கதி. அது போதாதென்று சோப்பு ஆயிலைப் பொடிப்பொடிச் சொட்டுகளாக உடைத்துத் தண்ணீருக்குள் கலந்துவிடும், மேலே மிதப்பதைத்தானே பையால் எடுக்க முடியும்?

கடலிலும் இதே சிக்கல் பெரிய அளவில் உண்டு. டீப்வாட்டர் ஹொரைசன் விபத்தில் சுமார் 70 லட்சம் லிட்டர் சிதறடிப்பான் ரசாயனத்தைத் தெளித்தார்கள். அதன் வேலையே எண்ணெயைப் பொடிச் சொட்டுகளாக்கி நீருக்குள் அனுப்புவது. அது தெளித்த இடத்தில் உறிஞ்சியோ, எண்ணெய் ஒட்டும் உருளைகளோ சரியாக வேலை செய்யாது. ஆகவே எந்த இடத்தில் எந்த முறை என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும், இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுப் பயனில்லை.

கடைக்கு நான் சொன்ன வழி பொருளோடு சம்பந்தமில்லாதது. ஆயில் மாற்றும் இடத்துக்கும் வாஷ் செய்யும் இடத்துக்கும் நடுவே தரையில் ஒரு சிமெண்ட் வரப்பு. ஆயில் பக்கத்துத் தண்ணீர் மூன்றறைத் தொட்டிக்கு, ஷாம்பூ தண்ணீர் தனி மண் தொட்டிக்கு. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏன்டா, பஞ்சுல மந்திரம் பண்றேன்னு வந்துட்டு கொத்தனாரைக் கூப்பிடச் சொல்றியே?" வரப்பு போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பை ஒழுங்காக வேலை செய்தது.

இரண்டாம் அறையில் குறுக்கே பையை மிதக்கவிட்டு, கயிற்றை இரண்டு ஆணிகளில் கட்டியிருக்கிறோம். வெள்ளைப் பை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே போகும். உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி, பையை நடுவில் பிடித்துத் தூக்குவது. கையிலேயே தெரிந்துவிடும், அப்புறம் தராசு தேவையில்லை.

பிழிவதற்கு மாமா ஒரு சாதனம் செய்தார். இரண்டு இரும்புக் குழாய், பழைய பைக் செயின் ஸ்ப்ராக்கெட், ஒரு கைப்பிடி. கரும்பு ஜூஸ் கடை மெஷின்தான், கரும்புக்குப் பதில் பை. இதையும் கடலில் செய்கிறார்கள். எண்ணெய் ஒட்டும் இழைகளால் ஆன நீளமான கயிறு வளையமாகத் தண்ணீரில் ஓடிக்கொண்டேயிருக்கும், மேலே உருளைகளுக்கிடையில் நுழைந்து பிழிபட்டுத் திரும்பக் கீழே போகும். பிழிந்தெடுத்த ஆயிலில் தண்ணீர் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கிறது. பாட்டிலில் ஊற்றி வைத்தால் அடியில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், அவ்வளவுதான். முழுவதும் பிழிய முடியாது, கொஞ்சம் பஞ்சிலேயே தங்கிவிடும். அடுத்தடுத்த தடவைகளில் பை எடுப்பது குறையும். கட்டி தட்டியதும் பஞ்சை மாற்ற வேண்டியதுதான்.

இதையெல்லாம் பார்த்த கடைப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, எண்ணூர்ல எண்ணெய் வந்தப்போ இதைப் போட்டிருக்கலாமே?" அவன் வீடு எர்ணாவூர். கேள்வி நியாயமானது.

எண்ணூரில் இரண்டு முறை நடந்தது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்தது கப்பல் எஞ்சினுக்கான கனரக எண்ணெய். அது கரைக்கு வந்து, எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர் குப்பத்தில் கற்களுக்கு நடுவே சேறாகக் குவிந்தது. ஆட்கள் வாளியால் அள்ளிக் கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். நாட்டில் தொழில்நுட்பமே இல்லையா, வாளியா என்று அப்போது எல்லாரும் கேலி செய்தார்கள்.

அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு இல்லை. பாய்லர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம், கப்பல் எண்ணெயைப் போலவே கெட்டியான ஃபர்னஸ் ஆயில் கொஞ்சம் வாங்கி, இலவம் பஞ்சை அதில் போட்டேன். 15 நிமிடம் கழித்து எடுத்துப் பிளேடால் குறுக்கே அறுத்தால், வெளியே கறுப்புத் தோல், உள்ளே வெள்ளைப் பஞ்சு, தொடப்படாமல். ஃபோமும் அப்படியே. எண்ணெய் இழைகளுக்கிடையே ஏறும் வேகம் அதன் பாகுநிலையை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மையைப் பொறுத்தது. அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். டீசலின் பாகுநிலை 40 பாகைச் சூட்டில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். கப்பல்களில் புழங்கும் ஒரு கனரக எண்ணெய் வகைக்கு 50 பாகைச் சூட்டிலேயே 380, கடல்நீரின் சூட்டில் இன்னும் பல மடங்கு. டீசல் விநாடிகளில் ஏறும் தூரத்தை அது ஏற மணிக்கணக்கில் ஆகும். அதோடு அலை அடிக்க அடிக்க அந்த எண்ணெய்க்குள் தண்ணீர் புகுந்து பழுப்புக் களியாகிவிடும், பாதிக்கு மேல் தண்ணீராகக்கூட இருக்கும். அந்தக் களிக்குப் பம்பே திணறும். கரையோரத்தில் கற்களுக்கு நடுவே சிக்கிய களியை எடுக்க வாளி பொருத்தமான கருவிதான். தவறு வேறெங்கோ இருந்தது: கையுறையும் பூட்ஸும் எல்லாருக்கும் கிடைக்காததில், கடலிலேயே மிதவைத் தடுப்பு போட்டு நிறுத்தாததில்.

2023 டிசம்பரில் நடந்தது வேறு வகை. மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் தெரிந்ததாகக் கடலோரக் காவல்படை சொன்னது. மீனவர்கள் சொந்தப் படகில் போய் மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள். இங்கே மெல்லிய படலமாகப் பரவிய பகுதிகளில் இலவப் பையோ வெள்ளைப் பட்டையோ நன்றாக உதவியிருக்கும். ஆனால் அலையாத்திச் செடிகளின் மூச்சுவேர்களில் தார் மாதிரி அப்பியதை எந்தப் பஞ்சும் எடுக்காது. பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: முதல் நாள், கால்வாயிலேயே, படலம் மெல்லிதாக இருக்கும்போது போட்டிருந்தால் கொஞ்சம் பிடித்திருக்கலாம். அவன் திருப்தியடைந்த மாதிரி தெரியவில்லை.

நீர் ஒட்டாப் பொருளை வைத்து எண்ணெயை "மறைத்த" ஒரு பழைய கதையும் உண்டு. 1967-இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்துக்கு அருகே உடைந்தபோது, பிரெஞ்சுக் கடற்படை ஸ்டீரிக் அமிலச் சேர்மம் பூசிய சுண்ணக்கட்டித் தூளை ஆயிரக்கணக்கான டன் எண்ணெயின் மேல் தூவியது. பூச்சு இருப்பதால் தூள் தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயோடு ஒட்டியது, கனத்தால் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு அடியில் போனது. மேலே பார்க்கச் சுத்தம். அடியில் இருக்கும் உயிர்களை யார் கேட்டார்கள்? இப்படி மூழ்கடிக்கும் பொருள்களுக்கு அமெரிக்காவில் இன்று தடை. மெழுகுவத்தி செய்யும் கடைகளில் ஸ்டீரிக் அமிலம் சுலபமாகக் கிடைக்கும், மணலிலோ மரத்தூளிலோ பூசிப் பார்க்கும் ஆசை வரும். மிதக்காத பொருளில் பூசாதீர்கள்.

கடைசியாக, குடித்து முடித்த பஞ்சை என்ன செய்வது. பிழிந்த ஆயில், வடித்த ஆயிலோடு டிரம்மில் சேர்ந்துவிடுகிறது. கழிவு ஆயில் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவது, உரிமம் உள்ள மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் ஆள் வந்து டிரம்மை எடுத்துப் போகிறார். பஞ்சைத்தான் யாரும் சுலபத்தில் வாங்குவதில்லை. ஆயிலோடு அதையும் எடுப்பதாக இருந்தால்தான் ஆயில் தருவேன் என்று பேசி முடித்தார் மாமா. அவர்கள் வரும்வரை பஞ்சை மூடியுள்ள இரும்பு டிரம்மில் வைத்திருக்கிறோம். சும்மா இலவம் பஞ்சே தீக்குச்சி காட்டினால் குப்பென்று பிடிக்கும். ஆயில் குடித்த பஞ்சு திரியாக நின்று எரியும். டிரம் முதலில் வெல்டிங் போடும் மூலைக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது காம்பவுண்டு சுவரோரம், தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்தில் இரண்டு வாளி மணலோடு.